ஏலத்தில் எடுத்த பாட்டு

கிழக்குத் தாம்பரம்
14 ஆகஸ்ட் 1972

அன்புள்ள அக்கா,

முதலில் நலம் விசாரித்து எழுதச் சொல்லி அம்மா என் தோளுக்குப் பின்னால் நிற்கிறாள். நலம்தானே? ஜெபராஜ் அத்தானும் நலம்தானே? அம்மா அடுப்படிக்குப் போய்விட்டாள். இனி விஷயத்துக்கு வருகிறேன்.

நான் மேடையேறிப் பாடிவிட்டேன்! பல்லாவரத்தில் எங்கள் ஆபீஸ் மேனேஜர் மகளுக்கு ரிசப்ஷன். போகிற வழியில் பட்டாபிராமன் சார் கடையில் கிட்டாருக்குப் புதுக் கம்பி போட்டு வாங்கிக்கொண்டு போனேன். ரேடியோ ரிப்பேரும் இசைத்தட்டு விற்பனையும் ஒன்றாகச் செய்பவர் அவர். மண்டபத்தில் மெல்லிசைக் குழு வந்து சேரவில்லை, வேன் வழியில் மக்கர் செய்துவிட்டதாம். மாப்பிள்ளை வீட்டார் முகம் போன போக்கைப் பார்த்து மேனேஜர் என் கையிலிருந்த கிட்டாரைப் பார்த்தார். "யம்மா பியூலா, இவங்க வர்ற வரைக்கும் ஏதாச்சும் பாடேன்" என்று கெஞ்சினார்.

பாடினேன். சினிமாப் பாட்டு இல்லை, நானே கட்டின பாட்டு. முடிந்ததும் முன்வரிசையில் ஒரு மாமி, "இது எந்தப் படம்மா?" என்றாள். "எந்தப் படமும் இல்ல, நான்தான் எழுதினேன்" என்றேன். "அதான் கேட்ட மாதிரியே இல்ல" என்றாள். ஆனால் இன்னொரு முறை பாடச் சொன்னதும் அதே மாமிதான்!

பாட்டு எது தெரியுமா? நீ பிலாய்க்குக் கிளம்பிய அன்று நடந்தது. கிட்டாரை வீட்டில் மறந்துவிட்டாய், என்னை ஓடிப்போய் எடுத்துவரச் சொன்னாய். நான் எடுத்துக்கொண்டு வருவதற்குள் ரயில்வே கேட்டை மூடிவிட்டார்கள். நீயும் அத்தானும் ஏறின எலெக்ட்ரிக் டிரெயின் என் கண்ணெதிரே போனது.

கேட்டு மூடிக் கெடக்குது
கையில் கிட்டார் கனக்குது
போற ரயிலு போகட்டும்
போனவ காதில் கேக்கட்டும்

அப்பா கேட்டுவிட்டு, "நல்லாருக்கு" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "இதையே மெட்டில்டா பாடியிருந்தா..." என்று இழுத்தார். நான் சாப்பாட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டேன்.

உன் தங்கை,
பியூலா

*

பிலாய்
27 ஆகஸ்ட் 1972

அன்புள்ள பியூலாவுக்கு,

கடிதம் கிடைத்தது. நீ மேடையேறியதில் மிக்க மகிழ்ச்சி. மூத்தவள் இப்படித்தான் எழுதவேண்டும் என்பதால் எழுதிவிட்டேன்.

இப்போது நான் கேட்பதற்குப் பதில் சொல். அது யாருடைய கிட்டார்? மூர் மார்க்கெட்டில் கடை கடையாக ஏறி இறங்கி அப்பா அதை யாருக்காக வாங்கினார்? பார்சலில் அனுப்பு என்று இரண்டு கடிதங்களில் கேட்டேன். பெட்டி கிடைக்கவில்லை, மழை வருகிறது என்று சாக்குச் சொன்னாய். இப்போது பார்த்தால் அது உன் தோளில் தொங்கிக்கொண்டு கல்யாண வீடு கல்யாண வீடாகப் போகிறது.

இன்னொன்று. நம் வீட்டிலிருந்து ஸ்டேஷன் எவ்வளவு தூரம் என்று எனக்குத் தெரியும். நீ ஓடினால் எவ்வளவு வேகம் என்பதும் தெரியும். அன்று நீ நிஜமாகவே ஓடினாயா?

என் கதையைக் கேட்டால் சிரிப்பாய். இரும்பாலையில் அத்தானுக்கு இந்த வாரம் நைட் ஷிப்ட். காலையில் வந்து படுத்தால் சாயங்காலம்தான் எழுந்திருப்பார். அதுவரைக்கும் இந்த குவார்ட்டர்ஸில் ஒரு பாத்திரம் சத்தம் போடக்கூடாது. கடுகு தாளிக்கும்போதுகூட அடுப்படிக் கதவைச் சாத்திக்கொள்கிறேன். அவர் திட்டமாட்டார், பாவம், தூக்கம் கெட்டால் அங்கே இரும்புக் குழம்புக்குப் பக்கத்தில் நிற்கவேண்டிய மனுஷன். அதனால் வாயே திறப்பதில்லை. கிறிஸ்துமஸ் ஆராதனையில் நான் தனியாகப் பாடினால் கடைசி பெஞ்சு வரை ஒரு இருமல் கேட்காது, ஞாபகம் இருக்கிறதா? இப்போது என் சத்தம் எனக்கே மறந்துபோய்விட்டது.

உனக்குச் சின்ன வயதில் டைபாய்டு வந்ததிலிருந்து தொண்டை கரகரதான். மேல் ஸ்தாயிக்கு நீ ஏறினதே இல்லை. அந்தத் தொண்டையை வைத்துக்கொண்டு, நான் ஊரைவிட்டுப் போனதை ஒரு பாட்டாக்கிக் கைதட்டல் வாங்குகிறாய். என்னை ஒரு வார்த்தை கேட்டாயா?

வருகிற கிறிஸ்துமஸுக்கு என் சோலோவை யாருக்குக் கொடுத்திருக்கிறார்கள்? உனக்கா?

மெட்டில்டா

*

கிழக்குத் தாம்பரம்
3 அக்டோபர் 1972

என் தங்கமான அக்கா,

உன் போன கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொண்டிருந்தேன். பதிலே போடக்கூடாது என்றிருந்தேன். இப்போது அந்தக் கோபமெல்லாம் போய்விட்டது. நடந்ததை முழுதாகச் சொல்கிறேன் கேள்.

ஞாயிற்றுக்கிழமை நம் சபையில் அறுப்பின் பண்டிகை. எல்லோரும் விளைந்ததைக் காணிக்கையாகக் கொண்டுவந்தார்கள். ஊரப்பாக்கம் ஏசுபாதம் இரண்டு ஆள் தூக்கும் பூசணிக்காய் கொண்டுவந்தார். அம்மணி அக்கா நாட்டுக்கோழி. அம்மா வழக்கம்போல கேக். நான் யோசித்துப் பார்த்தேன். எனக்கு விளைவது பாட்டு ஒன்றுதானே? ரயில்வே கேட் பாட்டை ஸ்வரங்களோடு ஒரு தாளில் அழகாக எழுதி, சுருட்டி, சிவப்பு ரிப்பன் கட்டிக் கொண்டுபோய் வைத்தேன்.

ஆராதனை முடிந்ததும் சபை நிதிக்காகக் காணிக்கைகளை ஏலம் விட்டது சபைச் செயலாளர் சத்தியநாதன் சார்தான். தாளைத் தூக்கிப் பிடித்து, "இது ஒரு பாட்டு. கடையில கிடைக்காது" என்றார். ஏசுபாதம் எழுந்து, "இன்னா சார், பாட்டைப் போயி ஏலம் வுடுறீங்க! குழம்பு வெக்க முடியுமா, கூட்டு வெக்க முடியுமா?" என்றார். சபையே சிரித்தது, பாஸ்டர் அம்மாகூடச் சிரித்தார். எனக்குப் பூமிக்குள் போய்விடலாம் போலிருந்தது.

அப்போது பின்னாலிருந்து ஒரு குரல் ஏலம் கேட்டது. யார் என்று பார்த்தால் பெரியப்பா மகன் வில்பிரட் அண்ணன்! என் பாட்டு ஏலம் போவதைப் பார்க்க வந்திருந்த பட்டாபிராமன் சாரும் போட்டிக்குக் கேட்டார். இவர் ஏற்ற, அவர் ஏற்ற, ஏசுபாதம் வாயைப் பிளந்துகொண்டு, "அட, என் பூசணிக்காயைத் தாண்டிப் போவுது பாருப்பா" என்றார். கடைசியில் வில்பிரட் அண்ணன்தான் எடுத்தார்.

கோழியை எடுத்தவர்கள் அதை மறு ஏலத்துக்குத் திருப்பிக் கொடுத்தார்கள். அது வழக்கம் போல மூன்று கை மாறியது. என் பாட்டை மட்டும் அண்ணன் திருப்பித் தரவில்லை, சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். "இது நான் எடுத்ததில்லம்மா. மெட்டில்டா மணியார்டர் அனுப்பிச்சிருந்தா, எவ்ளோ ஏறினாலும் விட்டுடாதேன்னு" என்றார்.

அக்கா! நான் அங்கேயே அழுதுவிட்டேன். அப்படிக் கடிதம் எழுதிவிட்டு இப்படி ஒரு காரியம் செய்திருக்கிறாயே!

இன்னும் ஒரு சந்தோஷம். பட்டாபிராமன் சார் என்னை வைத்து ஒரு சின்ன இசைத்தட்டு போடப்போகிறார். பக்கத்துக்கு ஒரு பாட்டு. கல்கத்தாவில் அச்சாகி வருமாம். ஒரு பக்கம் கட்டாயம் ரயில்வே கேட் பாட்டுதான் வேண்டும் என்கிறார். மற்றதெல்லாம் சுமார்தானாம். ஏலத்தில் எடுத்தவள் நீ என்பதால் மரியாதைக்கு உன்னிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்கிறேன். பாடட்டுமா?

சோலோவை யாருக்கும் கொடுக்கவில்லை. "மெட்டில்டா இல்லாம சோலோ எதுக்கு" என்று அப்பாதான் சொன்னார்.

பியூலா

*

பிலாய்
16 அக்டோபர் 1972

பியூலாவுக்கு,

பாடாதே.

அந்தத் தாளை வில்பிரட் அண்ணன் ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பிவிட்டார். இப்போது என் பீரோவில் இருக்கிறது. ஏலத்தில் எடுத்த கேக்கைச் செய்தவளே திரும்ப எடுத்துச் சாப்பிடுவாளா? சபைக்குக் கொடுத்தாய், நான் எடுத்தேன், முடிந்தது. அது என் பொருள். இனி அதை மேடையிலோ இசைத்தட்டிலோ கல்யாண வீட்டிலோ யாரும் பாடக்கூடாது. சந்தேகம் இருந்தால் சத்தியநாதன் சாரைக் கேட்டுக்கொள்.

நீ பாட்டைக் காணிக்கை வைக்கப்போகிறாய் என்று அம்மா முன்பே எழுதியிருந்தாள். நீ நினைத்துக்கொண்டது போல் நான் உன்மேல் இருந்த பாசத்தால் எடுக்கவில்லை. நான் போனதைப் பற்றிய பாட்டு, எங்கேயோ ஒரு வீட்டுச் சுவரில் மாட்டிக்கிடப்பதை என்னால் பொறுக்க முடியவில்லை. யாராவது எடுத்தால் அது நானாகத்தான் இருக்கவேண்டும்.

ஓடினாயா என்று கேட்டதற்கு நீ பதில் எழுதவில்லை என்பதையும் கவனித்தேன்.

மெட்டில்டா

*

கிழக்குத் தாம்பரம்
2 நவம்பர் 1972

அக்காவுக்கு,

சத்தியநாதன் சாரைக் கேட்டேன். நீ கேட்கச் சொன்னதற்காக இல்லை. நீ சொன்னது அபத்தம் என்று அவர் வாயால் கேட்கத்தான் போனேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "கர்த்தருக்குன்னு படைச்சாச்சு, ஏலத்துல போயாச்சு. எடுத்தவங்க சம்மதமில்லாம நீ தொடக்கூடாதும்மா. அது நல்லதில்ல" என்றார். அப்பாவும் தலையை ஆட்டினார். பட்டாபிராமன் சார் தலையில் அடித்துக்கொள்கிறார். "இதென்னம்மா பேஜார்! உன் பாட்டை நீ பாடறதுக்கு பிலாய்லேர்ந்து பர்மிஷனா? நாளைக்கே ரெகார்ட் பண்ணிடலாம், யார் கேக்கப்போறா?" என்கிறார். யாரும் கேட்கமாட்டார்கள்தான். ஆனால் காணிக்கை வைத்த கை என்னுடையது. வைத்துவிட்டுத் திருட என்னால் முடியாது. இதுவும் உனக்குத் தெரியும், தெரிந்துதான் செய்தாய்.

மற்ற பாட்டுகளை மறுபடியும் பாடிக் காட்டினேன். உதட்டைப் பிதுக்கிவிட்டு, ஈஸ்டர் வரைக்கும் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டார்.

உனக்குப் பொறாமை. வேறு பேர் எதுவும் வேண்டாம். நாலு பேர் என்னைத் திரும்பிப் பார்த்தது உன் வயிற்றில் எரிகிறது.

எனக்கு மட்டும் இல்லையா? பிறந்ததிலிருந்து எனக்கு அதைத் தவிர வேறென்ன இருந்தது? உன் குரல் கேட்டால் ஊர் உட்காரும், என் குரல் கேட்டால் "தொண்டைக்கு மிளகு போட்டுக் குடிம்மா" என்பார்கள். உனக்குக் கிட்டார், எனக்கு உன் பழைய பாவாடை. நீ கல்யாணமாகிப் போனபோது, வீட்டில் இனி என் சத்தமும் கேட்கும் என்று நினைத்தேன். ஆமாம், நினைத்தேன்.

ஓடினேனா என்று கேட்டாய். ஓடித்தான் வந்தேன். கேட் மூடியிருந்தது. உன் டிரெயின் போகும்போது எனக்கு வந்தது அழுகையா சந்தோஷமா என்று எனக்கே புரியவில்லை. புரிந்திருந்தால் பாட்டு எதற்கு எழுதப்போகிறேன்?

உன் கிட்டாரை நேற்று பார்சல் போட்டுவிட்டேன். பெட்டியும் கிடைத்தது, மழையும் நின்றது. வைத்துக்கொள். பாட்டையும் வைத்துக்கொள். இரண்டும் உன்னிடமே இருக்கட்டும், எப்படிப் பாடுகிறாய் என்று பார்க்கிறேன்.

பியூலா

*

பிலாய்
4 ஜனவரி 1973

அன்புள்ள பியூலா,

கிட்டார் வந்து சேர்ந்தது. ஒரு முறுக்காணி உடைந்திருந்தது, இங்கே ஒரு தச்சரிடம் கொடுத்துச் சரி பண்ணிக்கொண்டேன். உன் கடிதத்துக்கு உடனே பதில் எழுத உட்கார்ந்தேன். நாலு வரி எழுதினேன், நாலும் உன்னைத் திட்டி. கிழித்துப் போட்டேன்.

எப்படிப் பாடுகிறாய் பார்க்கிறேன் என்று எழுதியிருந்தாய் அல்லவா? பாடினேன்.

இங்குள்ள தமிழர்கள் சேர்ந்து கிறிஸ்துமஸ் விழா வைத்தார்கள். ஒரு வாரம் அத்தானுக்குப் பகல் ஷிப்ட். வீடு என் கையில். கதவைச் சாத்திக்கொண்டு உன் தாளை விரித்துப் பழகினேன். உன்னைவிட நூறு மடங்கு நன்றாகப் பாடிவிடுவேன் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. மேல் ஸ்தாயி எடுத்தேன், நீ ஒரு இழுப்பில் விட்டதை நான் நாலு வளைவு வளைத்தேன். விழாவில் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு பாடினேன்.

கைதட்டினார்கள், பியூலா. பந்தியில் பாயசம் நன்றாயிருக்கிறது என்று சொல்லுவோமே, அப்படி. ஒருவர், "அடுத்து நல்ல சினிமாப் பாட்டா ஒண்ணு பாடுங்க சிஸ்டர்" என்றார். சபையில் இருமல் கேட்காது என்றேனே, இங்கே பாட்டின் நடுவில் பக்கத்து வரிசையில் ரேஷன் சர்க்கரையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

வீட்டுக்கு வந்து யோசித்தேன். குரலில் குறை இல்லை. மூன்று நாள் யோசித்த பிறகுதான் பிடிபட்டது. நான் கேட்டுக்குப் பக்கத்தில் நின்றவள் இல்லை. நான் வண்டிக்குள் உட்கார்ந்திருந்தவள். ஜன்னல் வழியாக உன்னைப் பார்த்தேன், தெரியுமா? கிட்டாரைக் குழந்தை மாதிரி இடுப்பில் வைத்துக்கொண்டு மூச்சு வாங்க நின்றாய். ஓடித்தான் வந்திருந்தாய். அதைப் பார்த்திருந்தும் உன்னிடம் அப்படிக் கேட்டேன், உன்மேல் ஏதாவது ஒரு தப்பு எனக்கு வேண்டியிருந்தது.

உன் உடம்புக்குத் தைத்த ஜாக்கெட்டை நான் போட்டுக்கொண்டு நின்ற மாதிரி ஆகிவிட்டது. அந்தப் பாட்டுக்குக் கரகரத் தொண்டைதான் வேண்டும். எனக்கு இவ்வளவு நல்ல குரலைக் கொடுத்த ஆண்டவர், பாடுவதற்கு ஒரு பாட்டை உனக்கல்லவா கொடுத்திருக்கிறார். இதை எழுதும்போதே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. உன் குரலைப் பார்த்து எனக்குப் பொறாமை வரும் என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

சரி. பாடிக்கொள். ஆனால் பாட்டு என்னுடையதுதான், மறு ஏலத்துக்கு விடமாட்டேன். பாட அனுமதி மட்டும்தான் தருகிறேன். இசைத்தட்டில் என் பேர் இருக்கவேண்டும், இல்லாவிட்டால் சத்தியநாதன் சாருக்கு எழுதுவேன். கிட்டாரும் திரும்பி வராது. வேறு பார்த்துக்கொள்.

அக்கா

*

கிழக்குத் தாம்பரம்
20 ஜூன் 1973

அன்புள்ள அக்கா,

இசைத்தட்டு வந்துவிட்டது! தனிப் பார்சலில் உனக்கு ஒன்று அனுப்பியிருக்கிறேன். ஜாக்கிரதையாகப் பிரி. பட்டாபிராமன் சார் கடையிலிருந்த ஒரு பழைய கிட்டாரை வைத்துத்தான் பாடினேன். அதன் வயிற்றில் ஒரு விரிசல். அதுவும் என்னைப் போலவே கரகரவென்றுதான் பேசுகிறது.

நீ கேட்டபடியே லேபிளில் போடச் சொல்லிவிட்டேன். மேலே "பாட்டு, இசை, குரல்: பியூலா." கீழே "பாட்டின் உரிமை: திருமதி மெட்டில்டா ஜெபராஜ்." பட்டாபிராமன் சார் முனகிக்கொண்டேதான் சம்மதித்தார்.

அதனால் என்ன ஆயிற்று என்பதைக் கேள். ஞாயிறு ஆராதனை முடிந்து எல்லோரும் நம் வீட்டுக்கு வந்து தட்டைக் கையில் வாங்கிப் பார்த்தார்கள். அம்மணி அக்கா எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, "அட, நம்ம மெட்டில்டாவா! அதானே பார்த்தேன், இவளுக்கு எங்கே பாட வரும்னு" என்றாள். பக்கத்தில் இருந்தவர்களும் ஆமாம் ஆமாம் என்றார்கள். கிராமபோன் பெட்டியில் இன்னொரு தட்டு ஓடிக்கொண்டிருக்கிறது, என் குரலைக் கேட்டுக்கொண்டே உன்னைப் புகழ்கிறார்கள்! "மெட்டில்டாவுக்கு அங்க குளிர் ஒத்துக்கலை போலிருக்கு, தொண்டை கட்டியிருக்கு" என்றார் ஏசுபாதம்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் தட்டைத் தரையில் அடித்து உடைத்திருப்பேன். அப்பாதான் எழுந்தார். "பாடினது பியூலா. மெட்டில்டாவால இதைப் பாட முடியாது" என்றார். அவர் சொன்னது அவ்வளவுதான். எனக்கு அது போதும். உன் கடிதத்தை நான் அப்பாவிடம் காட்டவில்லை, சத்தியமாக. அவராகவேதான் சொன்னார்.

பல்லாவரத்திலும் குரோம்பேட்டையிலும் கடைகளில் கொஞ்சம் கொஞ்சமாக விற்கிறது. கூடுவாஞ்சேரியில் ஒரு டீக்கடையில் தினமும் காலையில் போடுகிறார்களாம். இரண்டு கல்யாணத்துக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள், என் பாட்டுகளை மட்டும் பாட. எப்படி இருக்கிறது என்று எழுது. பொய் எழுதாதே.

பியூலா

*

பிலாய்
8 ஜூலை 1973

அன்புள்ள பியூலா,

இசைத்தட்டு பத்திரமாக வந்தது. எங்களிடம் அதைப் போடும் பெட்டி கிடையாது. எதிர் குவார்ட்டர்ஸ் மெல்பா டீச்சர் தன்னுடையதைத் தூக்கிவந்து நம் கூடத்தில் வைத்தார். அத்தானுக்கு நைட் ஷிப்ட் வாரம், உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார். சத்தத்தைக் குறைத்து வைத்துத்தான் போட்டோம்.

பொய் எழுதாதே என்றாய். எழுதவில்லை. முதல் வரியிலேயே நீ சுருதிக்கு அரை இழை கீழே நிற்கிறாய். நடுவில் மூச்சு எடுக்கும் சத்தம் கேட்கிறது. "போனவ காதில் கேக்கட்டும்" என்ற இடத்தில் உன் குரல் உடைகிறது. டீச்சர் புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

அப்போது அறைக்கதவு திறந்தது. அத்தான் லுங்கியைப் பிடித்துக்கொண்டு, கண் சிவக்க வந்து நின்றார். எழுப்பிவிட்டோமே என்று நான் பதறிப்போய் நிறுத்தப் போனேன். "நிறுத்தாத. யார் இது?" என்றார். தரையில் உட்கார்ந்து முழுதும் கேட்டார். திருப்பிப் போடச் சொல்லி இன்னொரு முறையும் கேட்டார்.

இந்த வீட்டில் நான் ஒன்றரை வருஷமாக மூச்சைப் பிடித்துக்கொண்டு நடக்கிறேன். மனுஷன் ஒரு நாள் தூக்கத்திலிருந்து எழுந்து வந்தது உன் கரகரக் குரலுக்கு! "உன் தங்கச்சியா? நீயும் பாடுவியா என்ன?" என்று என்னிடமே கேட்கிறார், பியூலா. கிறிஸ்துமஸ் விழாவில் அவருக்கு ஷிப்ட், என்னை அவர் கேட்டதே இல்லை.

அன்று சாயங்காலம் அவர் டீ குடித்துக்கொண்டிருக்கும்போது கிட்டாரை எடுத்தேன். உன் பாட்டைப் பாடவில்லை. ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து போகிறவளுக்கு என்று நாலு வரி, நானே கட்டினது. மோசமாகத்தான் இருக்கிறது. உனக்கு அனுப்பமாட்டேன், நீ திருத்துவாய்.

பொறாமை போய்விட்டது என்று எழுதினால் கடிதம் அழகாக முடியும். போகவில்லை. அந்தத் தட்டு சுற்றச் சுற்ற அதுவும் சேர்ந்துதான் சுற்றுகிறது. டீச்சர் தினமும் வந்து போடச் சொல்கிறார், நானும் தினமும் போடுகிறேன்.

வரும் அறுப்பின் பண்டிகைக்கு நீ புதுப் பாட்டு ஏதாவது காணிக்கை வைப்பாயா? வைக்காமல் இருக்கமாட்டாய், தெரியும். வில்பிரட் அண்ணனுக்கு இன்றைக்கே மணியார்டர் அனுப்பிவிட்டேன். பட்டாபிராமன் சார் எவ்வளவு ஏற்றினாலும் விட்டுவிடாதே என்று எழுதியிருக்கிறேன்.

உன் அக்கா,
மெட்டில்டா